ஒரே மாதச் சீட்டில் ஜெர்மனி: இருவராகச் சுற்றவும் சாப்பிடவும் ஒரு செய்முறை

2025 மே மாதம் நானும் என் கணவரும் பன்னிரண்டு நாள் ஜெர்மனியில் இருந்தோம். கொலோன், ஃபிராங்க்ஃபர்ட், நூரம்பெர்க், மியூனிக் என நான்கு ஊர். விரைவு ரயிலில் ஒரு தடவைகூட ஏறவில்லை. ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு மாதச் சீட்டுதான். அதை எப்படிச் செய்தோம் என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். விசா, விமானச் சீட்டு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நேராக ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

1. சீட்டு வாங்குவது

பெயர் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள். நாங்கள் வாங்கியபோது 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களுக்கும், ஊருக்குள் ஓடும் டிராம், மெட்ரோ, பேருந்துகளுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது.

இது நாட்காட்டி மாதக் கணக்கு. மே 20-இலிருந்து ஜூன் 5 வரை போனால் இரண்டு மாதத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் பயணம் முழுவதும் ஒரே மாதத்துக்குள் அடங்கும்படி முதலில் தேதியைப் போடுங்கள், அப்புறம் விமானத்தைப் பாருங்கள். இன்னொன்று, இது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. பெரும்பாலான இடங்களில் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அடுத்த மாதம் பணம் பிடிக்க மாட்டார்கள். சீட்டு கைக்கு வந்த அன்றே கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள், கடனட்டையை ஏற்பவர்களும் இருக்கிறார்கள். தேடி எடுங்கள்.

2. ரயில் தேடுவது

ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் டிபி நேவிகேட்டர் செயலியைத்தான் சொல்வேன். கூகுள் வரைபடம் தொலைதூர ரயிலையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். நேவிகேட்டரில் இந்தச் சீட்டு செல்லும் ரயில்களை மட்டும் காட்டச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கவலை இல்லை. ரயில் மாறும் இடத்தில் குறைந்தது இருபது நிமிடமாவது இருக்கட்டும். ஆறு நிமிட இடைவெளியை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

3. ஊருக்கு ஒரு காட்சி, ஒரு சாப்பாடு

எங்கள் கணக்கு இதுதான். இவர் எல்லாம் சாப்பிடுவார். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு இடத்தை நிதானமாகப் பார்ப்பது, அந்த ஊருக்கே உரிய ஒரு பண்டத்தை இருவரும் தேடிச் சாப்பிடுவது.

கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பேராலயம் முன்னால் நிற்கிறது. 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம், 157 மீட்டர் உயரம். தெற்குக் கோபுரத்தில் 533 படி, மின்தூக்கி கிடையாது. காலையிலேயே ஏறிவிடுங்கள். வளைந்து வளைந்து போகும் குறுகலான படிக்கட்டில் எதிரே இறங்குபவர்களுக்கும் வழிவிட வேண்டும். சாப்பாட்டில் எனக்கு வாய்த்தது 'ஹால்வெ ஹான்'. பெயருக்குப் பொருள் பாதிச் சேவல். ஆனால் வருவது கம்புமாவு போன்ற நிறத்தில் ரை என்ற தானியத்தில் செய்த ஒரு ரொட்டி, கனமான பாலாடைக்கட்டி, கடுகு, வெங்காயம். சைவர்கள் பயமில்லாமல் கேட்கலாம். இவர் கோல்ஷ் பியர் கேட்டார். 200 மில்லி சின்னக் கண்ணாடிக் குவளையில் வரும். காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் அடியில் இருக்கும் அட்டையைக் குவளையின் மேல் வைத்துவிட வேண்டும்.

கொலோனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நாங்கள் ரைன் நதியை ஒட்டிப் போகும் ஆர்பி 26 என்ற வட்டார ரயிலில் மைன்ஸ் வரை போய், அங்கிருந்து எஸ் 8 ரயிலைப் பிடித்தோம். நான்கு மணி நேரம் ஆயிற்று. இந்தப் பயணத்தில் நான் மறக்க மாட்டாத பகல் அதுதான். ரயில் போகும் திசையில் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கோப்லென்ஸ் தாண்டியதும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், உச்சிக்கு உச்சி ஒரு கோட்டை. எதிர்க்கரையில் 132 மீட்டர் உயரத்துக்கு லோரலை பாறை. கொஞ்ச நேரத்தில் கௌப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே கப்பல் போல ஒரு குட்டிக் கோட்டை நிற்கும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் சாக்ஸன்ஹவுசன் பக்கம் போய் 'க்ரூனெ ஸோஸெ' சாப்பிடுங்கள். ஏழு வகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கிப் புளிப்புத் தயிர் போன்ற குழம்பில் கலந்து, வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கோடு குளிரக் குளிரத் தருவார்கள். பச்சடி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும்.

நூரம்பெர்க்குக்கு வூர்ட்ஸ்பூர்க்கில் மாறிப் போனோம். நூரம்பெர்க்கில் கோட்டையைவிட 600-ஆம் எண் நீதிமன்ற அறையைப் பாருங்கள் என்பேன். 1945 நவம்பரிலிருந்து 1946 அக்டோபர் வரை நாஜித் தலைவர்களை விசாரித்த அறை. சாதாரண மர பெஞ்சுகள்தான். உட்கார்ந்த பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த ஊரின் தொத்திறைச்சி விரல் நீளம்தான் இருக்கும், 7 முதல் 9 சென்டிமீட்டர். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தெருவிலேயே விற்கிறார்கள். அது இவருக்கு. எனக்கு 'லெப்கூகன்', மசாலா வாசம் வீசும் தேன் ரொட்டி.

மியூனிக்கில் மரியன்பிளாட்ஸ் மணிக்கூண்டுப் பொம்மைகள் 11 மணிக்கும் 12 மணிக்கும் ஆடும். பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் விக்டுவாலியன்மார்க்ட் சந்தைக்கு நடங்கள். மே மாதம் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டுக்கு (அஸ்பாரகஸ்) பருவம். 'ஷ்பார்கல்' என்று எழுதிய பலகை எங்கும் தொங்கும். ஜூன் 24-உடன் பருவம் முடிந்துவிடும். வெண்ணெய்க் குழம்போடு நான் மூன்று நாள் தொடர்ந்து அதையே சாப்பிட்டேன். பியர் தோட்டங்களில் விரிப்பு போடாத மேசைகளில் நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம். 1812-ஆம் ஆண்டு அரசாணையில் தொடங்கிய வழக்கம் இது. குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். சைவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

4. இரண்டாகப் பிரியும் ரயில்

இந்த ஒரு படிக்காகத்தான் முழுப் பதிவையும் எழுதுகிறேன். மியூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குக் கிளம்பினோம். நடைமேடைப் பலகையில் ஏரியின் பெயர் இருந்தது, கிடைத்த பெட்டியில் ஏறிக்கொண்டோம். ஹோல்ட்ஸ்கிர்ஹன் நிலையத்தில் ரயில் சில நிமிடம் நின்றது. ஜெர்மனில் ஏதோ அறிவித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பலகையைப் பார்த்து, "என்னங்க, மீஸ்பாக்னு போட்டிருக்கே, இது நம்ம வழியில இல்லையே?" என்றேன்.

அந்த ஒரே ரயில் மூன்று ஊருக்குப் போகிறது. ஹோல்ட்ஸ்கிர்ஹனில் ஒரு பகுதி கழன்று மீஸ்பாக் வழியாகப் பைரிஷ்ட்ஸெல் பக்கம் போகும், நாங்கள் இருந்தது அதில்தான். மீதி ஷாஃப்ட்லாகில் மறுபடி பிரிந்து, ஒன்று லெங்ரீஸ், ஒன்று டேகர்ன்ஸே. நடுவில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளேயே நடந்து போகவும் முடியாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். நடைமேடைப் பலகையில் இரண்டு, மூன்று ஊர்ப் பெயர் சேர்ந்து இருந்தால் உடனே உஷாராகுங்கள். பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும், எந்த ஊர்ப் பெட்டி எங்கே நிற்கும் என்பதற்கு. ஏறும் முன் அந்தப் பெட்டியின் வெளிப்புறத்தில் எரியும் ஊர்ப் பெயரைப் படியுங்கள். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேளுங்கள். 'ட்ஸூக்டைலுங்' என்ற சொல் அறிவிப்பில் காதில் விழுந்தால் ரயில் பிரியப்போகிறது என்று அர்த்தம்.

நாங்கள் ஷ்லியர்ஸே என்ற வேறொரு ஏரியில் இறங்கினோம். நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். கரையில் உட்கார்ந்து 'கேஸ்ஷ்பெட்ஸ்லெ' சாப்பிட்டோம். பாலாடைக்கட்டி உருகி ஓடும் முட்டை மாவுத் துண்டுகள், மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். இரண்டு நாள் கழித்து, பெட்டிப் பெயரைப் படித்து ஏறி, டேகர்ன்ஸேயும் போய் வந்தோம்.

5. சில்லறை விஷயங்கள்

ரொக்கம் வைத்திருங்கள், வங்கி அட்டை வாங்காத உணவகங்கள் இன்னும் இருக்கின்றன. குமிழி இல்லாத தண்ணீர் வேண்டுமென்றால் 'ஷ்டில்' என்று சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, பல்பொருள் அங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் மட்டும் வாங்கலாம்.

பின்சேர்க்கை: சீட்டைக் கைபேசியில் வைத்திருந்த ஒருவருக்குச் சீட்டுப் பரிசோதனை நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம், கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். மின்கலப் பொதி (பவர் பேங்க்) ஒன்று கையில் இருக்கட்டும். சீட்டில் பெயர் இருப்பதால் பாஸ்போர்ட்டும் கூடவே வேண்டும். கணவன் சீட்டை மனைவி காட்ட முடியாது.

இன்னொரு பின்சேர்க்கை: ஹம் நகர் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு இந்தச் சீட்டில் போகலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். போகலாம். ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கொலோனிலிருந்து ஆர்இ 1 அல்லது ஆர்இ 7 வட்டார ரயில் ஹம் வரை போகும். கோயில் இருப்பது ஊன்ட்ரோப் பகுதியில், ஹம் நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அதற்கும் இதே சீட்டு செல்லும்.