கண்ணீர்ப் பாதையைப் படமெடுக்கையில் நோயாளியை எப்படி அமர்த்துவது, எப்படிப் படுக்கவைப்பது

கண்ணில் சுரக்கும் நீர், இமையோரத் துளைகளின் வழியே கண்ணீர்ப்பையை அடைந்து மூக்குக்குள் இறங்குகிறது. இமை கொட்டும்போது எழும் விசையே அதை இழுத்துச் செல்கிறது. புவியீர்ப்பு அதற்குத் துணை நிற்கிறது. ஏற்காட்டுக் குளிர்காற்றில் கண்ணீர் ஓயாமல் வழிகிறது என்று சேலத்துக்கு இறங்கிவரும் முதியவரிடம் அடைப்பு எங்கே என்று தேடுகிறோமா, பாதை திறந்திருந்தும் நீர் ஏன் இறங்கவில்லை என்று தேடுகிறோமா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். முன்னதற்குப் படுத்த நிலை போதும். பின்னதற்கு உட்கார்ந்த நிலை கட்டாயம்.

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தைச் சொட்டாக விட்டு, அதன் கதிரைப் படமாக்கும் காமா கேமராவில் எடுக்கும் பரிசோதனை இரண்டாவது வகை. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் வந்தவருக்குத் தலைசுற்றல் இருக்கலாம் என்பதால், அது தணிந்த பிறகே தொடங்குங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமரவைத்து, முகவாயையும் நெற்றியையும் தாங்கிகளில் பதித்து, இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். கண்ணின் வெளியோரத்தில் ஒரு சிறு சொட்டு விட்டதும், “அம்மா, வழக்கம்போல் கண்ணைச் சிமிட்டுங்கள், துடைக்க மட்டும் வேண்டாம்” என்று சொல்லுங்கள். கேமராவைக் கண்டு மிரண்டு இமைக்காமல் விழித்திருந்தால், நல்ல பாதையிலும் நீர் தாமதமாகவே இறங்கும். முந்தானையால் ஒருமுறை துடைத்தாலோ மருந்து கன்னமெங்கும் பரவிப் படமே குழம்பிவிடும். சுமார் 20 நிமிடம் தலை அசையாதிருக்க வேண்டும் என்பதால், முதுகுக்கும் கழுத்துக்கும் அணை கொடுப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

மெல்லிய குழலை இமைத்துளையில் செலுத்தி, எக்ஸ்ரேயில் பாதையைத் தெளிவாகக் காட்டும் சாயமருந்தை ஏற்றும் டாக்ரியோசிஸ்டோகிராம் படத்தை மல்லாந்த நிலையில் எடுப்பது வழக்கம். அழுத்தித் தள்ளிய மருந்து மூக்கில் இறங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பாதை இயல்பாக வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது. ஏனெனில் அந்த அழுத்தம் குறுகிய இடத்தையும் கடந்துவிடும், இமையின் வேலைக்கும் அங்கே இடமில்லை. ஆகவே, குழலை எடுத்தபின் நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, சில நிமிடங்கள் இமைக்கச் சொல்லி, மற்றொரு படம் எடுங்கள். படுத்திருந்தபோது பையில் தேங்கி நின்ற மருந்து இப்போது வடிந்திருந்தால், அத்தேக்கத்துக்குப் படுக்கையே காரணமாயிருக்கலாம். நிமிர்ந்த பிறகும் வடியாவிட்டால், பாதை திறந்திருந்தும் நீர் இறங்காத செயல்பாட்டுக் குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

சிடி ஸ்கேனில் சாயமருந்தைச் சொட்டாக விடுவதானால், உட்கார்ந்த நிலையிலேயே விட்டு, இமைக்கச் செய்து, பிறகு படுக்கவைத்துத் தாமதமின்றி எடுப்பது நல்லது. தலை ஒருபுறம் சாய்ந்தால் இருபுறத்து எலும்புக் குழாய்களும் ஒரே மட்டத்தில் தெரியாமல் ஒப்பீடு கடினமாகும். இருபுறமும் பஞ்சணை வைத்து நேராக்குங்கள். எம்ஆர்ஐ-யிலும் இதே கவனம் தேவை.

ஒவ்வொரு படத்திலும் நோயாளி உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா என்பதையும், மருந்திட்டபின் எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்பதையும் குறித்தே மருத்துவருக்கு அனுப்புங்கள்.