அப்டேட் நின்றுபோன போனும் லேப்டாப்பும்: தூக்கிப் போடுமுன் செய்ய வேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பாட்டன் காலத்து எனாமல் தூக்குவாளி இன்றைக்கும் விலைக்குப் போகிறது. மூடி சரியாக உட்காருகிறதா, அடி ஒழுகாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதே ஊரில் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய போன், கண்ணாடியில் கீறல்கூட இல்லாத நிலையில், "இந்த ஆப் உங்கள் சாதனத்தில் இயங்காது" என்கிறது. பொருள் கெடவில்லை, செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எரிச்சல் வருவது முழுக்க நியாயம். அந்த எரிச்சலில் சிலர் நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறார்கள். சிலர் "எல்லாம் ஓடத்தானே செய்கிறது" என்று பாதுகாப்பு நின்றுபோன போனிலேயே வங்கிக் கணக்கை வைத்திருக்கிறார்கள். சேதம் அதிகம் வருவது இரண்டாவதில்தான்.

போன் நிறுவனம் மட்டும் நினைத்தால் அப்டேட் வந்துவிடாது. உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர்கள் அதை இயக்கும் சிறு மென்பொருள்களான டிரைவர்களைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், அதன் மேல் புது ஆண்ட்ராய்டை உட்கார வைப்பது பெரும்பாடு. விலை குறைந்த மாடல்கள் முதலில் கைவிடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளமும் ஒரேயடியாக மறுத்தால் அப்டேட்டைக் குறை சொல்லுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீட்டில், பீரோவுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். தளம் அசல்தான் என்று காட்டுவது டிஜிட்டல் சான்றிதழ், ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் 2012 என்று காட்டினால் எந்தச் சான்றிதழும் செல்லாது. மேசைக் கணினியில் சிஆர்2032 வாங்கிப் போட்டால் முடிந்தது. லேப்டாப் பலவற்றில் அதே பேட்டரி இரண்டு வயரும் குட்டி கனெக்டரும் வைத்து உறை போட்டு வரும். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே கனெக்டரோடு கேளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் பழைய ஆண்ட்ராய்டு போனில் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த பழைய வேர்ச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானது) 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதன் புது வேர்ச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் இல்லை. அந்தப் போன்களுக்காக ஒட்டுப்போட்டு ஓட்டிய ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. அந்த வயது போனை இணையத்துக்கு நம்ப வேண்டாம்.

போனில் நின்றது எது?

செட்டிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பகுதியில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்ட்ராய்டு பதிப்பு எண், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி. பதிப்பு எண் பழசாக இருந்தாலும் திருத்தத் தேதி இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு வருஷம் தாண்டியிருந்தால் அந்தப் போன் கைவிடப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்புப் பக்கத்தில் "கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்" என்று தனியாக ஒன்று இருக்கும். நிறுவனம் கைவிட்ட பிறகும் கூகுள் நேராக அனுப்புவது அது. தானாக ஏறும் என்று விட்டுவிடாமல் உள்ளே போய்த் தட்டிப் பாருங்கள், பிறகு போனை ஒரு முறை அணைத்து மறுபடி இயக்குங்கள்.

ஆப்கள் நிற்பது இதிலிருந்து வேறு. குரோம் உலாவி 2025 ஆகஸ்டில் வந்த 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10 கேட்கிறது. ஐபோனில் வாட்ஸ்அப்புக்கு 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1 வேண்டும். பழைய ஐபோனில் ஓர் ஆப் "புது ஐஓஎஸ் வேண்டும்" என்று மறுத்தால், அதே ஆப்பிள் கணக்கில் முன்பு வாங்கியவை பட்டியலுக்குப் போய் அங்கிருந்து இறக்குங்கள். அந்தப் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரவா என்று கேட்கும். பட்டியலில் இல்லாத ஆப் என்றால், புது ஐபோன் ஒன்றில் அதே கணக்கில் ஒரு முறை இறக்கிவிட்டு வாருங்கள்.

பணத்தைப் பிரித்துவிடுங்கள்

கைவிடப்பட்ட போனில் யுபிஐ, வங்கி ஆப், வங்கியோடு இணைந்த சிம் மூன்றும் இருக்கக் கூடாது. சிம்மைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருட்டு ஆப் ஒன்று உள்ளே வந்தால் முதலில் படிப்பது ஓடிபி வரும் குறுஞ்செய்தியைத்தான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) வருவது இப்படித்தான் வேலை செய்கிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஏபிகே என்று முடிகிற எதையும் தொடக் கூடாது என்பதை வீட்டில் ஆச்சி, ஐயா எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் வாட்ஸ்அப் பேக்கப், புகைப்படங்கள், பிறகு ஆறு இலக்கக் குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் கணக்குகள். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போனைத் துடைத்த பிறகு அந்தக் குறியீடுகளை மீட்பது பெரிய அலைச்சல், அதனால் ஏற்றுமதி வசதி வழியாகப் புதுப் போனுக்கு மாற்றி, ஒரு முறை உள்ளே நுழைந்து சோதியுங்கள். அடுத்து பழைய போனில் யுபிஐ பதிவை நீக்கி, கூகுள் கணக்கையும் செட்டிங்ஸில் போய் நீக்குங்கள். அதன் பிறகே போனில் உள்ளதையெல்லாம் துடைக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் போனின் பக்கப் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், திரும்பத் திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். ஊரில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் சங்கடம்.

இப்படிச் சுத்தம் செய்த போன் பாட்டு, வானொலி, மின்நூல், பிள்ளைகளின் அகராதி, சமையல்கட்டில் வீடியோ என்று இன்னும் சில வருஷம் உழைக்கும். அதற்கென்றே தனி கூகுள் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தன்னார்வலர்கள் செய்யும் இலவச ஆண்ட்ராய்டு வகையான லினியேஜ் ஓஎஸ் ஏற்றினால் பாதுகாப்புத் திருத்தங்கள் திரும்ப வரும், நல்ல வழிதான். ஆனால் உங்கள் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், வேறு இயங்குதளம் ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டைத் திறக்க நிறுவனம் விட வேண்டும். விவோ, ஓப்போ மாடல்கள் பெரும்பாலும் விடுவதில்லை. பூட்டைத் திறந்த கணமே போனில் உள்ளதெல்லாம் அழியும். வங்கி ஆப் பல ஓட மறுக்கும், கட்டண வீடியோக்கள் மங்கலான தரத்தில்தான் வரும். பெயர் ஒன்றாக இருந்து உள்மாடல் வேறாக உள்ள போன்கள் உண்டு. தவறான கோப்பை ஏற்றினால் போன் எழுந்திருக்காமலே போகலாம், அதனால் மாடல் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

லேப்டாப்: முழு உயிர் திரும்பும் இடம்

போனைவிட லேப்டாப்பில் நம் கை ஓங்கியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புக்குப் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதற்கு 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசஸர் பெயரைப் படியுங்கள். இன்டெல் ஐ5-7200யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7 என்பதே தலைமுறை. 8 அல்லது அதற்கு மேல் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் பின்னாளில் அப்டேட் மறுக்கப்பட்டால் கேட்க முடியாது.

எங்கள் பரிந்துரை, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ வகை. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. 2 ஜிபி ரேமில் எழும், ஆனால் உலாவியைத் திறந்ததும் திணறும். 4 ஜிபி இருந்தால் வேலைக்கு ஆகும், 8 இருந்தால் சுகம். தமிழக அரசு 2011-ல் தொடங்கிக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்ற இந்திய லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்த மடிக்கணினியிலும் ரேமைக் கூட்டி மின்ட் ஏற்றலாம்.

மென்பொருளுக்கு முன் வன்பொருள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), 240 அல்லது 256 ஜிபி, போடுங்கள். வேறு எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது. புது எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிமன். பழைய லேப்டாப்பின் இடம் 9.5 மி.மீ. என்றால் ஆடும், அதற்கான பிளாஸ்டிக் சட்டத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ரேம் வாங்கும்போது டிடிஆர்3-யா டிடிஆர்3எல்-ஆ என்று பாருங்கள். நான்காம் தலைமுறை லேப்டாப்கள் 1.35 வோல்ட் எல் வகையைக் கேட்கும். 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரை கருப்பாகவே நிற்கும், "போர்டு போச்சு" என்று பயந்துவிடாதீர்கள். திறக்குமுன் பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

பிறகு:

1. கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதம் அப்படியே பத்திரமாக வையுங்கள்.
2. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.
3. அதைச் செருகி, லேப்டாப்பை இயக்கும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்கான பொத்தானைத் தட்டுங்கள்: டெல், லெனோவோ எஃப்12, ஹெச்பி எஃப்9, ஏசுஸ் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, எஃப்2 வழியாகக் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் அதை முதலில் இயக்க வேண்டும்.
4. நிறுவாமலே மின்ட் திரை வரும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாவற்றையும் இங்கேயே சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் பெரும்பாலும் பிராட்காம் சிப். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேடித் தரும்.
5. திருப்தி என்றால் மட்டும் நிறுவுங்கள். "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்ற வரி விண்டோஸையும் சேர்த்தே அழிக்கும்.

தமிழ் ஆவணங்களில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் புதுக் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களை முன்பே நகலெடுத்து, மின்ட்டில் திறந்து நிறுவுங்கள். நகரக் கோயில் கணக்கு, கல்யாணச் செலவு நோட்டு போல நாள்பட வைத்திருக்க வேண்டியவற்றை எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிவிடுவது நல்லது. தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, கணக்கிலிருந்து வெளியேறி உள்ளே வந்து தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள்.

எல்லோருக்கும் லினக்ஸ் பொருந்தாது. கடைக்கணக்கை டேலியில் வைத்திருப்பவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் பிடிவாதம் பிடிக்கும், ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். பழைய விண்டோஸ் கணக்குக் கணினிக்கு ஒரு வழி, இணைய வயரைப் பிடுங்கிவிடுவது. கணக்கு மட்டும் ஓடட்டும், இணைய வேலைக்கு வேறு கணினி.

டிவி, ரௌட்டர்

ஸ்மார்ட் டிவியில் யூடியூப் நின்றால் டிவியை மாற்ற வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் வீடியோ ஆப்கள் ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகி, டிவியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஸ்டிக்குக்கு அதன் அடாப்டரிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். டிவியின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், பாதியில் அணைந்து அணைந்து எழும். வளவு வீட்டின் கனத்த சுவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாங்காது. ரௌட்டர் முகப்பிலும் டிவி இரண்டாம் கட்டிலும் இருந்தால் 2.4-க்கு மாறுங்கள், முடிந்தால் லேன் வயர் இழுங்கள். பழைய ரௌட்டரில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல் இல்லாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள்.

உப்பிய பேட்டரி

லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) இருக்கிற ஊர் காரைக்குடி. இங்கேயே உப்பிய பேட்டரியை ஆணியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பது வேதனை. குத்தினால் தீப்பிடிக்கும். திரை விளிம்பு தூக்கினாலோ, டச்பேட் அழுந்த மறுத்தாலோ சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். பழைய போனைச் சுவரில் மாட்டிக் கேமராவாகவோ கடிகாரமாகவோ வைப்பவர்கள் இரவும் பகலும் சார்ஜரில் விடக் கூடாது. நூறு சதவீதத்திலேயே நிற்பதும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். டைமர் பிளக் வைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஏறும்படி செய்யுங்கள்.

அடுத்தது வாங்கும்போது

எத்தனை வருஷம் அப்டேட் என்று கடையில் கேளுங்கள். 2023-ல் வந்த பிக்சல் 8, 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள். வருஷம் எண்ணப்படுவது மாடல் வெளிவந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருஷப் பழைய மாடலில் இரண்டு வருஷம் ஏற்கெனவே போயிருக்கும். செகண்ட் ஹேண்ட் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின் இடம் விட்டு, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா, போலி எண்ணா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

முற்றிலும் செத்ததைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. அவர்கள் தளத்தில் திரும்பப் பெறும் வசதியைத் தேடிப் பதிவு செய்யுங்கள். எடுத்துப்போக ஆள் வரும்வரை உப்பிய பேட்டரி மணல் நிரப்பிய மண்சட்டியில், வீட்டுக்கு வெளியே, நிழலில் இருக்கட்டும்.