வீட்டுப் பட்டறையில் கேஜ் பின்: துளையை நம்பி அளக்க ஒரு வழி

கொரட்டூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சின்ன லேத் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் தையல் கடை நடத்தும் பெண்மணியின் மெஷினுக்கு கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் ஒரு புஷ், அதாவது ஷாஃப்ட் எனும் தண்டு உள்ளே சுழலும் குழல், கடைந்து கொடுத்தேன். ஷாஃப்ட் மைக்ரோமீட்டரில் 7.99 மி.மீ. புஷ்ஷின் துளையை வெர்னியர் காலிப்பரின் மேல் தாடையால் பார்த்தேன், சரியாக 8.00. மில்லிமீட்டரில் நூறில் ஒன்று இடைவெளி, எண்ணெய் நிற்க அது போதும் என்று மாட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே வந்துவிட்டார். "அண்ணா, தடதடன்னு சத்தம் போகவே இல்லையே."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை செய்யும் நண்பரிடம் நாலைந்து கேஜ் பின் இரவல் வாங்கி வந்தேன். குறித்த விட்டத்துக்குத் துல்லியமாகக் கிரைண்டிங் செய்த உருளைக் கம்பிகள் அவை; துளைக்குள் விட்டுப் பார்த்து அளப்பதற்கு. 8.00 இறங்கியது. 8.01 இறங்கியது. 8.02-ம் இறங்கியது. 8.03 துளையின் வாயிலேயே நின்றுவிட்டது. ஆக, வெர்னியர் 8.00 என்று காட்டிய துளை உண்மையில் 8.02-ஐத் தாண்டியிருக்கிறது. ஷாஃப்டில் நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு ஆட்டம்.

வெர்னியர் பழுதில்லை. அதன் மேல் தாடைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. முனையும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்காது, சின்னதாக ஒரு தட்டை இருக்கும். அதனால் வட்டத்துக்குள் அவை விட்டத்தைத் தொடுவதில்லை, விட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாணைத் தொடுகின்றன. 5 மி.மீ. துளையில் இந்த விலகல் கால் மில்லிமீட்டர் என்றால், காட்டும் அளவு 4.975. பெரிய துளையில் இது கண்டுகொள்ளத் தேவையில்லாத பிழை. பத்துக்குக் கீழே போகப் போகத்தான் வேலையைக் கெடுக்கும்.

பின் வாங்கும்போது முழுப் பெட்டி வாங்க ஓட வேண்டாம். நாம் வழக்கமாக ரீமர் (ட்ரில் போட்ட துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டும் அளவுகள் எவை என்று பாருங்கள். எனக்கு 6, 8, 10. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூறில் ஒன்று கீழே, அதே அளவு, ஒன்று மேலே, இரண்டு மேலே என்று நாலு பின் வைத்திருக்கிறேன். தரம் கேட்டால் இசட்-இசட் போதும். அதன் பொறுப்பளவு, அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து). இசட் என்றால் 2.5, எக்ஸ் என்றால் 1 மைக்ரான். அவை டூல் ரூமுக்கு. பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். மைனஸ் வகை எழுதிய அளவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும், மேலே போகாது. 8.00 துளைக்குள் 8.00 பின் இறங்க வேண்டும் என்றால் மைனஸ்தான் வேண்டும்.

காசு இல்லையென்றால் பழைய நீடில் பேரிங்கைப் பிரித்து ரோலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். கிரைண்டிங் செய்த உருண்டை, நல்ல கடினம். தேய்மானம் இல்லாததாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து சீட்டு ஒட்டினால் போதும். கடையில் விற்கும் டவல் பின் (இரண்டு பாகங்களை இடம் மாறாமல் பொருத்தும் முளை) மட்டும் கவனம்: எம்6 என்ற பொறுப்பளவில் வரும் 8 மி.மீ. டவல் பின் உண்மையில் 8.006-க்கும் 8.015-க்கும் நடுவில் இருக்கும். அளக்காமல் அதை 8.00 என்று நம்பக்கூடாது.

சரி, அளக்கும் முறை. முதலில் துளையின் இரண்டு வாயிலும் பிசிறை எடுங்கள். துளையின் வாயைச் சரிவாகச் சீவும் கவுண்டர்சிங்க் ஒன்றைக் கையில் பிடித்து லேசாக ஒரு சுற்று, அவ்வளவுதான். பிசிறு இருந்தால் பின் பொய் சொல்லும், அதோடு பின்னும் கீறிக்கொள்ளும். அப்புறம் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே துடைத்து, ஊதி, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பின்னை மெல்லிய மெஷின் ஆயில் தொட்ட துணியில் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை மேசையில் நேராக நிறுத்துங்கள். சின்ன பின்னில் ஆரம்பியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மேல் நுனியைப் பிடித்து, துளையின் வாயில் வைத்து, விட்டுவிடுங்கள். அழுத்த வேண்டாம். லூஸான துளையில் டொக்கென்று விழும். நெருங்கிய அளவில் தன் எடையிலேயே மெதுவாக, எண்ணெயைத் தள்ளிக்கொண்டு இறங்கும். அந்த இறக்கத்தை ஒருமுறை விரல் பழகிவிட்டால் மறக்காது. அடுத்த பின் வாயில் நின்றால், துளை அந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். துளையும் பின்னும் துல்லியமாக ஒரே அளவு என்றால் பின் உள்ளே போகாது, அதையும் நினைவில் வையுங்கள்.

துளை முழுவதும் போகாமல் பின் அரை சென்டிமீட்டர் மட்டும் இறங்கி நின்றால் துளை சரிவாக இருக்கிறது. பொருளைத் திருப்பி மறுபக்கத்திலும் விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் இறங்கி நடுவில் நின்றால் ரீமர் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஆடியிருக்கிறது, வாய் அகன்றுவிட்டது. ட்ரில் மட்டும் போட்ட துளையில் பின்னை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், சில சமயம் சுற்றிலும் மூன்று இடத்தில் பிறைபோல வெளிச்சம் தெரியும். துளை வட்டமாக இல்லை, மூன்று மூலையாக இருக்கிறது. வெர்னியர் அதை எந்தத் திசையில் வைத்தாலும் ஒரே அளவைக் காட்டக்கூடும். உள்ளே போகும் ஷாஃப்ட் எதை உணருமோ அதையே பின் உணர்கிறது. எனக்கு இந்தக் கருவி மேல் மரியாதை வந்ததே அங்கேதான்.

அடி மூடிய துளையில் காற்று அடைபட்டு பின் பிஸ்டன் மாதிரி மேலெழும்பும். பொறுமையாக விடுங்கள், காற்று கசிந்ததும் இறங்கும்.

அலுமினியத்தில் பின் சிக்கிக்கொண்டால் சுத்தியலைத் தொடாதீர்கள். முடி உலர்த்தும் டிரையரால் பொருளைச் சூடுபடுத்துங்கள். அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும், பின் தானாகக் கழன்றுவிடும்.

இதே காரணத்தால் லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கவும் கூடாது. அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை. சித்திரை வெயிலில் என் கொட்டகைக்குள் 38 டிகிரி இருக்கும். பொருளும் பின்னும் இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கவலையில்லை. ஆனால் 10 மி.மீ. துளை போட்ட அலுமினியம் பின்னைவிட 28 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால், துளை 6 மைக்ரானுக்கு மேல் விரிந்து நிற்கும். எச்7 என்ற பொறுப்பளவில் போடும் 10 மி.மீ. துளைக்கு மொத்தமே 15 மைக்ரான்தான் அனுமதி. பொருளையும் பின்னையும் ஒரே வார்ப்பிரும்புக் கட்டையின் மேல் அரை மணி நேரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

இரண்டு துளைகளுக்கு நடுவில் உள்ள தூரத்துக்கும் பின் உதவும். இரண்டிலும் இறுக்கமாகப் பொருந்தும் பின்களை நிறுத்தி, வெளிப்பக்க அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து, இரண்டு பின் விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதியைக் கழியுங்கள். 48.02 வந்து இரண்டும் 8.00 பின் என்றால், மையத்திலிருந்து மையத்துக்கு 40.02.

கடைசியாக, துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். விரலில் ஒட்டிய வியர்வை உப்பு ஒரே இரவில் பின்னில் ரேகையைப் பதித்துவிடும், அதைத் தேய்த்து எடுத்தால் அளவும் போய்விடும். ஒவ்வொரு பின்னையும் துடைத்து, மெஷின் ஆயில் தடவி, துருத் தடுப்புக் காகிதத்தில் சுற்றியே பெட்டியில் போடுகிறேன். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிவிடும். தையல் மெஷினுக்கு இரண்டாவது புஷ் 8.00 இறங்கி 8.01 நிற்கும் அளவுக்கு ரீமர் ஓட்டிக் கொடுத்தேன். போன தீபாவளிக்கு முழு இரவும் அந்த மெஷின் ஓடியது.