உப்புக்காற்றும் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும்

தொண்டி முதல் ஏர்வாடி வரை, வங்கிக் காவலுக்கோ வீட்டுப் பாதுகாப்புக்கோ உரிமத்துடன் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உப்புக்காற்றை லேசாக நினைக்கக் கூடாது. கை வியர்வை பட்ட இடம்கூடச் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

துடைக்கும் முன் துப்பாக்கியின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். விரல் விசையில் படக் கூடாது. பலர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில்தான். முன்பிடியை, அதாவது சுடுகுழலுக்கு அடியில் முன்னும் பின்னும் நகரும் கைப்பிடியை, ஒருமுறை இழுத்ததும் ஒரு தோட்டா வெளியே விழும். உடனே காலி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சுடுகுழலுக்குக் கீழே இருக்கும் மேகசின் குழாயில் மற்றவை காத்திருக்கும். முன்பிடியை முன்னே தள்ளினால் அடுத்தது அறைக்குள், அதாவது சுடுவதற்குத் தோட்டா உட்காரும் இடத்துக்குள், ஏறிவிடும்! எல்லாவற்றையும் எடுத்த பிறகு, முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து வைத்து, அறையையும் குழாயின் வாயையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பாதுகாப்புப் பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறகு உலர்ந்த துணி, துப்பாக்கி எண்ணெய். மெல்லிய படலமே போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறித் தூசியைச் சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டாவின் பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தாலோ, உடல் உப்பியிருந்தாலோ அதைத் துப்பாக்கியில் போடாமல் உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.