குழாயின் உட்புறம்: டர்போ மேனிஃபோல்டை வீட்டில் வெல்ட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர், தான் செய்த டர்போ மேனிஃபோல்டைத் துணியில் சுற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இன்ஜினின் புகையை டர்போவுக்கு, அதாவது அந்தப் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிக்கு, கொண்டுசேர்க்கும் குழாய்த் தொகுதி அது. பழைய மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினுக்காக, வீட்டின் பின்கட்டில் ஆர்கான் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து செய்தது. "அண்ணா, கலர் எப்படி வந்திருக்குன்னு பாருங்க" என்று நீட்டினார். வெளிப்புறத்தில் வெல்டிங் உண்மையிலேயே அழகாக இருந்தது. பொன்னிறமும் இளநீலமும் மாறி மாறி ஓடின. நான் டார்ச் விளக்கை எடுத்து முதல் போர்ட்டின், அதாவது ஒரு சிலிண்டரின் புகை நுழையும் வாயின், வழியே உள்ளே பார்த்தேன். பாகு பொங்கிக் கருகிச் சட்டியில் ஒட்டிக் காய்ந்ததுபோல், கருஞ்சாம்பல் நிறப் பொருக்கு ஒவ்வொரு இணைப்பிலும் வளையமாகப் படிந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் மேனிஃபோல்டின் உட்புறமும் இப்படியேதான் இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம். முகக்கவசம் அணிவது, மெஷினின் எர்த் கிளாம்பைச் சரியாகப் பிடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லிக்கொடுப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே, செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கைப்பிடிக் குழாயை வாங்குவது

மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் பளபளப்பான குழாயைப் பார்த்ததும், இதுவும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தானே என்று தோன்றும். காந்தம் ஒட்டவில்லை, எனவே இது 304 வகை எஸ்.எஸ். என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். கைப்பிடிக்கு விற்பதில் பெரும்பகுதி நிக்கல் குறைவாகவும் மாங்கனீசு மிகுதியாகவும் உள்ள 202 வகை; அதிலும் காந்தம் ஒட்டாது. மேலும் அதன் சுவர் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனமே இருக்கும். முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. அந்த வெப்பத்தில் ஒரு டர்போவின் எடையை அந்தச் சுவர் நெடுநாள் தாங்காது.

கேட்டு வாங்க வேண்டியது பட்-வெல்டு எல்போ, அதாவது நீராவிக் குழாய் வேலைக்கு விற்கும் கனமான வளைவு. 1.3 லிட்டர் இன்ஜினுக்கு ஒன்றேகால் அங்குல அளவு போதும். அதன் வெளிவிட்டம் 42.2 மி.மீ.; சுவரின் கனத்தை ஷெட்யூல் என்ற எண்ணால் குறிப்பார்கள்: ஷெட்யூல் 10-இல் 2.77 மி.மீ., ஷெட்யூல் 40-இல் 3.56 மி.மீ. முதன்முறை செய்பவர் 304-ஐத் தேடிப் போகாமல், ஷெட்யூல் 40 எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) எல்போவில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது துருப்பிடிக்கும், எடை கூடுதலாக இருக்கும். ஆனால் உள்ளே ஆர்கான் விடாமல் வெல்ட் செய்வது என்று பின்னால் சொல்லப்போகும் மிகப் பெரிய தவறைச் செய்ய அது வாய்ப்பே தருவதில்லை.

ஜி.ஐ. குழாய்

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெல்ட் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைத் தரும். அந்தக் குழாயைத் தொடவே வேண்டாம்.

உள்ளே ஆர்கான் விடாமல் எஸ்.எஸ். குழாயை வெல்ட் செய்வது

நம் ஊரில் டிக் வெல்டிங்கை எல்லோரும் ஆர்கான் வெல்டிங் என்றே சொல்கிறோம். ஆர்கான் என்ற சொல் பெயரிலேயே இருப்பதால், வெல்டிங் டார்ச்சிலிருந்து வரும் வாயு வேலை முழுவதையும் காத்துவிடுகிறது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. டார்ச்சின் வாயு காப்பது வெளிப்புறத்தை மட்டுமே. முழு ஊடுருவலோடு வெல்ட் செய்யும்போது உலோகம் குழாயின் உட்சுவர் வரை உருகுகிறது. அங்கே நிற்பது சாதாரணக் காற்று. உருகிய எஸ்.எஸ்.ஸில் உள்ள குரோமியம் அந்தக் காற்றின் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு, கரடுமுரடான, துளைகள் நிறைந்த ஆக்ஸைடாகப் பொங்கி உறைகிறது. எம்.எஸ்.ஸில் இவ்வளவு குரோமியம் இல்லாததால் உட்புறம் லேசாகக் கறுப்பதோடு நின்றுவிடும். குரோமியமே எஸ்.எஸ்.ஸைத் துருவிலிருந்து காப்பது. அதே குரோமியம்தான் இந்த இடத்தில் வெல்டைக் கெடுக்கிறது.

டர்போ இல்லாத சாதாரண ஹெடரில் (புகைக்குழாய்த் தொகுதியில்) இது நடந்தால் பொருக்கின் துணுக்குகள் சைலன்சர் வழியே வெளியே போய்விடும். டர்போ மேனிஃபோல்டில் அவற்றின் வழியில் ஒரு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்பைன் சக்கரம் நிற்கிறது. என் முதல் மேனிஃபோல்டோடு மூன்றாம் முறை தடத்தில் ஓட்டியபோது, பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறுவது தாமதமானது. பிறகு மெல்லிய கீச்சொலி கேட்டது. எண்ணெய்க் குறைபாடு என்று நினைத்து எண்ணெய்க் குழாயை மாற்றினேன். அதிலும் தீராமல் டர்போவைக் கழற்றிப் பார்த்தபோது, டர்பைன் இதழ்களின் விளிம்புகள் எலி கொறித்ததுபோல் இருந்தன. சக்கரத்தின் சமநிலை போனதால் தண்டின் பேரிங்கும் போயிருந்தது. பல மாதம் பணம் சேர்த்து வாங்கிய டர்போ அது. மேனிஃபோல்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. பொருக்குப் பெயர்ந்த இடங்கள் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன, இரண்டு இடங்களில் அந்தப் பள்ளத்திலிருந்தே விரிசல் கிளம்பி வெளிப்புறத்தை எட்டும் நிலையில் இருந்தது. அந்த அறுத்த பாதியை இன்றும் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். இளைஞரின் கையில் முதலில் அதைத்தான் கொடுத்தேன். அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் உண்டு. இதைத் தடுக்கத் தேவைப்படுவது கொஞ்சம் அலுமினிய டேப்பும், ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸும், வாயுவை இரண்டாகப் பிரிக்கும் ஓர் இணைப்பும், பொறுமையும் மட்டுமே. வெளிப்புற நிறத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிப் பாராட்டிக்கொள்கிறவர்கள், அதே குழாயின் உட்புறத்தை ஒருமுறைகூடப் படமெடுப்பதில்லை.

செய்யும் முறை இதுதான். எல்லாத் திறப்புகளையும் அலுமினிய டேப்பால் மூடி, தாழ்வான முனையில் ஹோஸை நுழைக்க வேண்டும். உயரமான முனையில் குண்டூசி அளவைவிடச் சற்றே பெரிய துளை விட வேண்டும். ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. கீழிருந்து நிரம்பும்போது காற்றை மேலே தள்ளி வெளியேற்றிவிடும். ஹோஸை மேலே வைத்துத் துளையைக் கீழே விட்டால், உள்ளே வந்த ஆர்கானே முதலில் ஒழுகிப்போகும். நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் வரை விட்டால் போதும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் மேனிஃபோல்டு மூன்று நான்கு நிமிடத்தில் பத்து முறைக்கு மேல் நிரம்பி மாறியிருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று வால்வைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே சுழல் உண்டாகிக் காற்றும் ஆர்கானும் கலந்துவிடும், வெல்ட் வளையம் மூடும் கடைசி இடத்தில் வாயு உருகிய உலோகத்தை வெளியே ஊதித் துளையாக்கியும் விடும். இணைப்பில் இன்னும் வெல்ட் செய்யாத பகுதியையும் டேப்பால் சுற்றி, முன்னேற முன்னேறக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். வெல்ட் முடிந்த கையோடு வாயுவை நிறுத்தாமல், குழாய் நன்றாக ஆறும் வரை ஓடவிட வேண்டும்.

இதற்குப் பதிலாக உட்புறம் பூசும் ஃப்ளக்ஸ் பசை ஒன்று விற்கிறார்கள். வெல்ட் முடிந்ததும் அது கண்ணாடிபோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வளைந்த குழாய்க்குள் கைவிட்டு அதைச் சுரண்டி எடுக்க முடியாது. பிறகு அதுவும் உதிர்ந்து டர்பைனுக்கே போகும் என்பதால், டர்போவுக்கு முன்னால் வரும் எந்தக் குழாயிலும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

முதலில் இரண்டு துண்டுக் குழாயை ஒட்டி, அறுத்து, உட்புறம் வெள்ளியாகவோ வெளிர்பொன்னாகவோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே உண்மையான வேலையைத் தொட வேண்டும். கதவு சன்னல் மூடிய சிறிய அறையில் இதைச் செய்யவே கூடாது. வெளியேறும் ஆர்கான் தரையோடு தங்கிக் காற்றை அகற்றிவிடும், அதற்கு வாடையும் இல்லை.

பிரேக் கிளீனரால் துடைப்பது

குளோரின் சேர்ந்த கிளீனரின் மிச்சம் வெல்டிங் ஒளியிலும் வெப்பத்திலும் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே ஆர்க் எடுக்க வேண்டும்.

இடைவெளியைக் கம்பியால் நிரப்புவது

இரண்டு குழாய் முனைகளைச் சேர்த்துப் பிடித்து மறுபுறம் விளக்கை வைத்தால் ஒளி தெரியக்கூடாது. ஒளி தெரிந்தால் மறுபடி அரத்தை எடுக்க வேண்டும். இடைவெளியில் வெல்டிங் கம்பியை உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கிக் குழாயை இழுக்கும். வண்டியில் வைத்து அளந்து டேக் (சிறு புள்ளி வெல்ட்) போட்ட கோணமெல்லாம் மாறி, டர்போ ஸ்டீயரிங் தண்டில் போய் முட்டும்.

ஃப்ளேஞ்சைச் சூட்டோடு கழற்றுவது

வேலை முடிந்த மகிழ்ச்சியில் போல்ட்டுகளைக் கழற்றி மேனிஃபோல்டைக் கையில் தூக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வெல்ட் ஆறும்போது ஃப்ளேஞ்சை, அதாவது இன்ஜினோடு போல்ட் செய்யும் தட்டையான முகப்புத் தகட்டை, தன் பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாவிட்டால், 10 மி.மீ. தகடுகூட வாழைப்பழம்போல் வளையும். கழித்துப்போட்ட ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டிலோ, 25 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். தகட்டிலோ எல்லாப் போல்ட்டுகளையும் முறுக்கி, முதல் போர்ட்டில் கால் வட்டம், நான்காவதில் கால் வட்டம், பிறகு இரண்டாவதில் என்று இடம் மாற்றி மாற்றி வெல்ட் செய்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் கழற்றிய பிறகும் கொஞ்சம் வளைவு இருக்கத்தான் செய்யும். நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) பார்த்தால் தெரிந்துவிடும். கோவையில் மில்லிங் மெஷின் இல்லாத தெரு குறைவு. முகப்பைச் சமன்செய்து வாங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகாது. இரண்டு கேஸ்கெட்டை அடுக்கி வளைவை மறைக்க முயல்பவர்கள் கேஸ்கெட்டையும் ஸ்டட்டையும் (ஹெட்டில் திருகி நிற்கும் போல்ட்டையும்) மாதந்தோறும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

விரிவுக்கு இடம் விடாதது

முதல் போர்ட்டுக்கும் கடைசிப் போர்ட்டுக்கும் இடையே 300 மி.மீ. தூரம் இருப்பதாகக் கொள்வோம். குழாயின் வெப்பம் 700 டிகிரி உயர்ந்தால் 304 அந்த நீளத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. வளரும், எம்.எஸ். ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். மறுபக்கம் நிற்கும் அலுமினிய ஹெட்டைக் குளிர்நீர் 100 டிகிரி அளவில் பிடித்துவைத்திருப்பதால் அது அந்த அளவுக்கு நகராது. இந்த வேறுபாடு முழுவதும் ஓரத்து ஸ்டட்டுகளின் மேலும் குழாய்கள் கூடும் இடத்தின் மேலும் விழுகிறது. வெல்ட் நன்றாக இருந்தும் விரிசல் விட்டது என்று வருகிறவர்களின் மேனிஃபோல்டுகளில் நான் பார்த்ததில் பெரும்பாலானவை இந்தக் காரணத்தால் உடைந்தவையே.

ஃப்ளேஞ்சின் நடுப் போல்ட் துளைகளைச் சரியான அளவில் வைத்து, ஓரத்துத் துளைகளை மட்டும் நீள்வாக்கில் தளர்வாக்க வேண்டும். வெல்டிங்கும் மில்லிங்கும் முடிந்த பிறகு, போர்ட்டுகளுக்கு இடையே ஃப்ளேஞ்சை அறுத்துத் தனித்தனியாக்கினால் ஒவ்வொரு குழாயும் தன் போக்கில் நகரும். வரிசை முக்கியம்: முதலிலேயே அறுத்துவிட்டால் நான்கு முகப்புகளும் நான்கு தளத்தில் நிற்கும்.

பொருந்தாத கம்பி

304 குழாயை 304-ஓடு ஒட்ட 308எல், எஸ்.எஸ். குழாயை எம்.எஸ். ஃப்ளேஞ்சோடு ஒட்ட 309எல். எம்.எஸ்.ஸோடு ஒட்டும்போது 308எல் கம்பியைப் போட்டால், எம்.எஸ். உருகிக் கலந்து வெல்ட் நொறுங்கும் தன்மையை அடையும்; சூடேறி ஆறும் சில சுற்றுகளிலேயே வெல்டின் விளிம்பையொட்டி மயிரிழை விரிசல் ஓடும்.

டர்போவைத் தொங்கவிடுவது

டர்போவின் எடையை மேனிஃபோல்டு மட்டும் சுமக்கக்கூடாது. தாங்கி ஒன்றை இன்ஜின் பிளாக்கிலிருந்து கொடுக்க வேண்டும். பாடியிலிருந்து கொடுத்தால் இன்ஜின் அசையும் ஒவ்வொரு முறையும் அது டர்போவைப் பிடித்து இழுக்கும்.

சோதிக்காமல் பொருத்துவது

ஹெட் பக்கத்து முகப்பை ரப்பர் தாளும் தகடும் வைத்து அடைத்து, டர்போ பக்கத்தில் ஒரு தகட்டைப் போல்ட் செய்து அதில் டியூப் வால்வைப் பொருத்தி, ஒரு பார் அளவு காற்றேற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத துளைகூடக் குமிழி விடும். பிறகு உட்புறத்தை மறுபடி டார்ச் விளக்கால் பார்த்து, தளர்வாக ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் கிரைண்டரின் சிறு கல்லால் நீக்கி, காற்றால் ஊதி வெளியேற்ற வேண்டும். வண்டியில் பொருத்தி முதன்முறை சூடேற்றிய பிறகு, முழுவதும் ஆறவிட்டு எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்க வேண்டும்.

அந்த இளைஞரின் மேனிஃபோல்டில் பதினான்கு இணைப்புகள் இருந்தன. பதினான்கையும் அறுத்துவிட்டோம். ஃப்ளேஞ்சுகள் மட்டும் மிஞ்சின. இம்முறை ஷெட்யூல் 40 எம்.எஸ். எல்போவும் அதற்குப் பொருந்தும் கம்பியும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார்.