கேப்டவுன் குளிர்காற்றில் விண்ட்சர்ஃபிங்: முதன்முறை இறங்குபவர்களுக்கு

சித்திரை பிறந்தால் நம் ஊரில் வெயில் கொளுத்தும், கேப்டவுனிலோ இலையுதிர் காலம் பாதி போயிருக்கும். கோடை முழுக்க அடித்த தென்கிழக்குக் காற்று தணிந்து, வடமேற்கிலிருந்து குளிரும் மழையும் வர ஆரம்பிக்கும். பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கை இந்தப் பருவத்திலும் தாராளமாகக் கற்கலாம், ஆனால் எந்த நாளில் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

கடல் இப்போதைக்கு வேண்டாம். மியூசன்பர்க்கை ஒட்டிய ஸாண்ட்ஃப்ளே ஏரியில் ஆழமும் குறைவு, அலையும் இல்லை. கழிவுநீர் கலந்துவிட்டால் மாநகராட்சி மூடிவிடும் என்பதால் கிளம்பும் முன் அவர்களின் அறிவிப்பைப் பாருங்கள். லாங்கபான் காயலும் அருமையான இடம்தான், ஆனால் ஓதம் வடியும்போது நீரோட்டம் இழுக்கும்.

காற்று 8 முதல் 12 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 15 முதல் 22 கிலோமீட்டர் இருந்தால் போதும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், இடையிடையே வரும் வீச்சு எவ்வளவு என்றும் பாருங்கள். வடமேற்குக் காற்று ஏறிக்கொண்டே போய் மேகமும் தடித்து வந்தால் குளிர்முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் விளிம்பு, நெருங்குகிறது; அது கடந்ததும் காற்று திடீரென்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். கரையிலிருந்து தண்ணீரின் நடுப்பக்கம் தள்ளும் காற்றில், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், இறங்கவே இறங்காதீர்கள்.

உடைக்கு 4/3 மில்லிமீட்டர் வெட்சூட் (உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை; உடம்புப் பகுதி 4, கை கால் 3 மில்லிமீட்டர் தடிமன்), ரப்பர் காலணி, மேலே மிதவைச் சட்டை. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். 150 லிட்டருக்கு மேற்பட்ட கனஅளவுள்ள அகலப் பலகையும் 4 சதுர மீட்டர் பாயும் எடுங்கள். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதே வேகத்திலும் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளும், அதனால் சந்தேகம் வந்தால் சின்னப் பாய்தான்.

சரி, இப்போது ஏறுவோம். காற்று முதுகில் படும்படி, பாய்மர அடிக்கு இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள்; பாய் எதிர்ப்பக்கம் தண்ணீரில் கிடக்கட்டும். பாயைத் தூக்கும் கயிற்றைப் பிடித்து முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்திப் பின்னால் சாயுங்கள். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். பாயின் விளிம்பு லேசாக எழும்பி, மேலே நின்ற தண்ணீர் சலசலவென்று வழிந்துவிட்டால் எடை பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும், அதற்கப்புறம் கை மாற்றி மாற்றி இழுத்தாலே வந்துவிடும். பாய் படபடத்துக்கொண்டிருக்க, அப்படியே கொஞ்சம் நின்று மூச்சு வாங்குங்கள். பிறகு முன்கையால் (பலகையின் முன்முனைப் பக்கம் இருக்கும் கை; மற்றது பின்கை) பூமை, அதாவது பாயின் குறுக்கே இருக்கும் கைப்பிடிக் கம்பியை, பிடித்துப் பாய்மரத்தைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, பின்காலைப் பின்னே வைத்து, பின்கையால் மெதுவாக உள்ளே இழுத்தால் பலகை நகரும். பாய்மரத்தைப் பலகையின் முன்பக்கம் சாய்த்தால் காற்றை விட்டு விலகும், பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். திடீர் வீச்சு வந்தால் பின்கையை விடுங்கள், முன்கையை அல்ல. பாய் திறந்து காற்று வெளியேறிவிடும்.

குளிரில் முதலில் போவது விரல்களின் பிடிதான். அதனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறுங்கள், கை நன்றாக இருந்தாலும் ஏறுங்கள். நடுத்தண்ணீரில் முடியாமல் போனால் பலகையை விட்டு நீந்தக் கூடாது. பாயைப் பலகை மேல் இழுத்துப் போட்டுப் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். கடைசி வழியாகப் பாயைக் கழற்றி விட்டாலும் பலகையை மட்டும் விடாதீர்கள். கரையில் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கைபேசியில் 112 அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.