வாசிப்புக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி

என்னிடம் 46 கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாமே எனக்காக வாசித்துப் பதிவு செய்யப்பட்ட பாடங்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளில் பாடம் முடிந்ததும் திடீரென்று சினிமாப் பாட்டு எழும்பும். பழைய பாட்டுக் கேசட்டை மலிவாக வாங்கி, முதுகில் இருக்கும் சதுர ஓட்டையை செலோடேப்பால் மூடி, அதன் மேலேயே பதிவு செய்த காலம் அது. 1987 முதல் 1990 வரை அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என் பாடப்புத்தகங்களில் ஒன்றுகூட பிரெய்லில் கிடைக்கவில்லை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார். புனலூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. பேச்சில் மலையாளம் கலக்கும், வாசிப்பில் கலக்காது. அந்தப் பட்டத்தைக் கொண்டுதான் தொலைபேசி ஆபரேட்டராக வேலைக்குப் போனேன்.

கடையில் விற்ற கேசட்டு தொலைந்தால் அதே பதிவு வேறு யாரிடமாவது இருக்கும். வாசிப்புக் கேசட்டுக்கு இரண்டாவது பிரதியே இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கிடந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

முதலில் மோந்து பாருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்டு வரை துணியே காயாது, நாடா எப்படிக் காயும்? பூசணம் பிடித்த கேசட்டு பழைய கோணிச்சாக்குபோல் நாறும். பார்வையுள்ள ஒருவரை டார்ச் அடித்துச் சிறு ஜன்னல் வழியே சுருளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைத் தனியாக வையுங்கள். அந்தக் கேசட்டை டெக்கில், அதாவது கேசட்டு ஓட்டும் கருவியில், போட்டால் பூசணம் ஹெட்டில் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று வாரம் வைத்து, பிறகு முற்றத்தில் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மெல்லிய பருத்தித் துணியை நாடாவில் லேசாக ஒற்றியபடி பென்சிலால் சுற்றித் துடைக்கலாம். ஆறு முனைப் பென்சில் சக்கரத்தின் பற்களில் சரியாகப் பொருந்தும். உருண்டைப் பேனா வழுக்கும்.

அடுத்தது, தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகிவிடாமல் பாதுகாப்பது. கேசட்டின் முதுகில் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். நாடா தெரியும் விளிம்பு கீழே இருக்கும்படி நேராகப் பிடித்தால், உங்களை நோக்கியிருக்கும் பக்கத்துக்கு உரியது இடப்பக்கத் தகடு. இரண்டையும் உடைத்துவிடுங்கள். என்னுடையவைபோல் செலோடேப் ஒட்டியிருந்தால் பிய்த்து எறியுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கியதால் நான் பட்டது போதும். புது டெக்கில் பதிவுப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரல் பழகுவதற்குள், ஒலிக்கும் பொத்தானோடு அதையும் சேர்த்து அழுத்திவிட்டேன். நாற்பது விநாடி போயிற்று. அது 1741-ல் நடந்த குளச்சல் போர். இப்போது என் கேசட்டில் டச்சுக்காரர்கள் கரையிறங்குகிறார்கள், அடுத்த நொடியே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சரணடைந்து நிற்கிறார்கள். இடையில் நான் இருமும் சத்தம்.

டெக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல வருடம் ஓடாமல் கிடந்ததென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கும், அல்லது தொய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் புது பெல்ட் போடச் சொல்லுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். மின்னணுப் பொருள் கடையில் கிடைக்கும். ரப்பர் உருளைக்கு ஈரத்துணியே போதும். நாடா அறுந்திருந்தால் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாவைப் பயன்படுத்துங்கள். செலோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டால், நாடா கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்த டெக்கில் ஹெட் நின்ற கோணமும் உங்கள் டெக்கில் ஹெட் நிற்கும் கோணமும் வேறாக இருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புங்கள். ‘ச’வும் ‘ஸ’வும் எங்கே கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். பார்வையுள்ள மெக்கானிக்குகளைவிட நாம் இதை நன்றாகச் செய்வோம் என்பது என் அனுபவம். அக்காவின் டெக் சற்றுச் சாய்ந்தது. நான் திருகியதும் முப்பது வருடமாக எனக்குக் கேட்காமலே இருந்த அவர் வளையல் சத்தம் தெளிவாகக் கேட்டது.

டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு நேராக ஒயர் போடாதீர்கள். மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் மைக்குக்கான துளை. குரல் பிளந்து கரகரக்கும். லைன் இன் துளையுள்ள (டெக் போன்ற கருவிகளின் ஒலியை வாங்கும் துளை) சின்ன யுஎஸ்பி ஒலிக்கருவி ஒன்றை நடுவில் வையுங்கள். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும். இலவசம், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு ஒத்துப்போகும். ‘ஆர்’ விசையை அழுத்தினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் அழுத்தினால் நிற்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலும் ‘எம்’மும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஓர் அடையாளம் விழும். அத்தியாயம் மாறும்போதெல்லாம் அழுத்துங்கள். பதிவுக்கான அமைப்பு: ஒற்றைத் தடம் (மோனோ), 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். 60 நிமிடக் கேசட்டு, சுருக்காத வேவ் கோப்பாகச் சுமார் 320 எம்.பி. வரும். இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எனவே முதலிலேயே எம்பி3-யாகச் சுருக்கிவிடாதீர்கள்.

இனிதான் எனக்கு முக்கியமான விஷயம். பதிவின் ஒலியைச் சுத்தம் செய்யாதீர்கள். சிரமப்பட வேண்டாமே என்று முதல் நான்கு கேசட்டுகளை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். கண்ணாடிபோல் ஆக்கித் தருகிறோம் என்றார்கள், ஆக்கியும் தந்தார்கள். இரைச்சல் போயிருந்தது, இடைவெளிகள் போயிருந்தன, ‘தேவையில்லாத பேச்சு’ எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. அவர்கள் வெட்டியதில் ஒன்று இது: “தம்பி, 112-ஆம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. திருவிதாங்கூர், நீளமாக, முருங்கைக்காய்போல். மேலே கொச்சி. நம் ஊர் வலது ஓரத்தில், மலைக்கு இந்தப் பக்கம்.” என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் வரைபடம் அது. நல்ல வேளை, கேசட்டுகளைத் திருப்பித் தந்திருந்தார்கள். உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன்.

பார்வையற்றோருக்கான ஒலிநூல் தொடங்கியதே இசைத்தட்டில்தான். 1934-ல் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டுகளில் புத்தகங்கள் வெளிவந்தன. அதே வேகத்தில் பாட்டுக்கான எல்பி தட்டு சந்தைக்கு வந்தது 1948-ல். நமக்காகச் செய்தது முந்திக்கொண்டது! 1976-ல் அச்செழுத்தைப் படித்துச் சொல்லும் குர்ஸ்வைல் இயந்திரம் வந்தது. 1989-ல் ஜாஸ் என்ற திரைவாசிப்பான், 2006-ல் என்விடிஏ. இப்போது என் கைப்பேசியே தமிழில் படிக்கிறது, அதுவும் நான் கேட்கும் வேகத்துக்கு. நன்றி சொல்லித்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் படம் வந்தால் அது ‘படம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. முருங்கைக்காயை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கேசட்டுகளில் வேறு எங்கும் எழுதி வைக்கப்படாத செய்திகளும் இருக்கின்றன. 19-ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் பற்றிய பாடத்தின் நடுவே, மீட்டர் கேஜ் ரயில் பகவதிபுரம் நிலையத்தை நெருங்கி ஊதுகிறது. அக்கா வாசிப்பை நிறுத்தி அது போகும் வரை காத்திருக்கிறார். செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் 2010-ல் நின்றது. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இன்று ஓடும் வண்டியின் ஊதல் வேறு.

ஆகவே இரண்டு பிரதி வையுங்கள். வேவ் மூலப்பிரதியில் கை வைக்கவே கூடாது. கேட்பதற்கு எம்பி3 ஒன்று. அதில் வேண்டுமானால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உறுமும் மோட்டார் சத்தத்தை வடிகட்டிக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைப்பை 6 டெசிபலுக்கு மேல் ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

கோப்பின் பெயரை எண்ணில் தொடங்குங்கள்: 07-1, 07-2. முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் மலிவான பிளேயர்கள் 1-க்கு அடுத்து 10-ஐப் போடும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உங்கள் குரலில் அரை நிமிட அறிமுகம் பதிவு செய்யுங்கள்: கேசட்டு எண், பக்கம், புத்தகம், வாசித்தவர், ஊர், ஆண்டு, எங்கே எவ்வளவு அழிந்திருக்கிறது என்பது. குளச்சல் போரில் நாற்பது விநாடி போனது என் தவறு என்று ஏழாம் கேசட்டின் அறிமுகத்தில் சொல்லியிருக்கிறேன். டப்பாவின் மேல் எண்ணை பிரெய்லில் குத்தி ஒட்டுங்கள். காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள் நீடிக்கும். எங்கள் ஈரத்தில் காகிதப் புள்ளிகள் இரண்டே பருவத்தில் அமுங்கிவிடுகின்றன.

பகிர்வதைப் பற்றி. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அச்சில் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு நூலை ஒலிவடிவமாக்கவும், சொந்தப் பயன்பாட்டுக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அவர்களோடு பகிரவும் இடம் தருகிறது. அதற்காக எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவெளியில் ஏற்றிவிடாதீர்கள்.

சட்டத்தைவிடப் பெரிய அனுமதி ஒன்று உண்டு. வாசித்தவரிடம் கேளுங்கள். அக்கா இப்போது புனலூரில் மகனோடு இருக்கிறார். தொலைபேசியில் 23-ஆம் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு, “தம்பி, அந்த மாமியார் விஷயத்தை மட்டும் எடுத்துவிடு” என்றார். பதிவு ஓடுவதை மறந்து மாமியாரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். பகிரும் பிரதியில் அந்த இடத்தில் பதினொரு விநாடி மௌனம் வைத்தேன். வெட்டவில்லை. வெட்டினால் பின்னால் வரும் நேரக்குறிப்புகள் எல்லாம் நகர்ந்துவிடும். மூலப்பிரதியை என்ன செய்வது என்றும் கேட்டேன். “அது உன்னிடமே இருக்கட்டும், அவர் இருக்கும்வரை யாருக்கும் கொடுக்காதே” என்றார். மாமியாருக்கு வயது 94. திடமாக இருக்கிறார்.

ஏற்றி முடித்த கேசட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். பொட்டலங்களைச் சாரல் முடிந்ததும் மாற்ற வேண்டும்.